பதினெட்டுதான், அக்கா!

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். இந்தத் தடவை அத்தாட்சியோடு நலம். இதை உனக்கு வாசித்துக் காட்டும் உன் மருமகளுக்கு என் ஆசிகள். கொஞ்சம் உரக்கவே வாசிம்மா, வெற்றிச் செய்தி.

கண் அழுத்தத்தால் உன் பார்வை போனதிலிருந்து, கூடப் பிறந்தவனுக்கும் வரும், போய்ப் பார் என்று மூன்று வருஷமாக என் உயிரை வாங்கினாயே, போன செவ்வாய்க்கிழமை போய்விட்டேன். அங்கே பரிசோதிக்கிற பெண் கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் சாயம் தடவி, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தோடு ஒரு முனையைக் கருவிழிமேல் முட்டவைத்து, "அழுத்தம் இருபத்தேழு சார். இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது" என்றாள். உன் தம்பி பெண்டாட்டி அங்கேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். உன்னிடம் மறைப்பானேன், நீ சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வருவது கண்முன்னே வந்து நின்றது.

ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கடைகடையாய்ப் போய்த் தராசுக்கு முத்திரை போட்டவனிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? கடைக்காரன் சுண்டுவிரலால் தட்டை அமுக்குவதைப் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்தவன் நான். இமையைத் தூக்கிப் பிடிக்கிற சாக்கில் உன் விரல் என் கண்ணையே அமுக்குகிறதே அம்மா என்றேன். நல்ல பெண், கோபிக்காமல் விரலைப் புருவ எலும்பில் ஊன்றித் திரும்ப எடுத்தாள். இருபத்தைந்து! டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று உன் தம்பி பெண்டாட்டி என் சட்டையின் கழுத்துப் பித்தானை இறுக்கிப் போட்டுவிட்டிருந்தாள், அதை அந்தப் பரிசோதனைப் பெண் கழற்றச் சொன்னாள். நான் வேறு பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம், அதை விடச் சொன்னாள். இருபத்திரண்டு! எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகிறது. கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். வரிசையில் பதினோரு பேர் முறைக்கிறார்கள், உன் தம்பி பெண்டாட்டி என்னை யாரென்றே தெரியாதவள்போல் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு டாக்டரே வந்து, அலமாரியிலிருந்து சரிபார்க்கும் எஃகுக் கம்பியை எடுத்துக் கருவியில் மாட்டிப் பார்த்தார். நாலு கூடுதல், அக்கா! சுத்தக் கள்ளத் தராசு! அதை ஓரம் கட்டிவிட்டு, வேறு கருவியில் தன் கையாலேயே அளந்தார். பதினெட்டு. "உங்கள மாதிரி நாலு பேர் வந்தா நாங்க ஒழுங்கா இருப்போம் சார்" என்று கை கொடுத்தார். பேருக்கு இன்னும் இரண்டு சோதனை என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அதெல்லாம் ஒப்புக்குத்தான், நானும் ஒப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆக, எனக்கு ஒன்றுமில்லை. இனிமேல் போனில் கண்ணு கண்ணு என்று நச்சரிக்காதே.

அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உனக்குப் பதினெட்டு.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத உன் தம்பி.

பின்குறிப்பு: மருமகளே, இதை அக்காவுக்கு வாசிக்காதே. உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் போனில் கூப்பிட்டார், அந்த இரண்டு சோதனையின் முடிவைச் சொல்ல. என் கருவிழி ரொம்ப மெல்லிசாம். அப்படிப்பட்ட கண்ணில் கருவி அழுத்தத்தைக் குறைத்துத்தான் காட்டுமாம், அந்தப் பதினெட்டை நம்ப முடியாதாம். இடது கண் நரம்பிலும் தேய்மானம் ஆரம்பித்துவிட்டதாம். ஊர்த் தராசையெல்லாம் சோதித்தவன் என் சொந்தத் தட்டைச் சோதிக்கவில்லை. தினம் ஒரு சொட்டு மருந்து, ஆயுசுக்கும். "இப்பவே வந்ததால பார்வையைக் காப்பாத்திடலாம். யார் சார் உங்கள அனுப்பினது?" என்று கேட்டார். சொன்னேன்.

வேண்டாம், வாசித்துவிடம்மா. நீ குரலை இறக்கினாலே அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடைசி வரியை மட்டும் நல்லா உரக்க வாசி: அக்கா, நீதான் ஜெயிச்சே.