அப்பா யார் கட்சி?

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் நலம்தானே? இங்கே உன் அக்கா நலம், வீடு நலம். நான் மட்டும் இரண்டு நாளாகக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எல்லாம் உன்னால்தான். என் மகளுக்குப் பத்து வயதில் ஒரு பொம்மை வாங்கித் தராமல் டென்னிஸ் மட்டை வாங்கித் தந்த புண்ணியவான் நீதானே.

கல்லூரி முடிந்ததும் உன் மருமகளுக்கு அங்கேயே விளையாட்டுத் துறையில் வேலை தருவதாகச் சொன்னார்கள். "வேணாம்ப்பா, நான் முழுநேரமா ஆடப்போறேன்" என்றாள். சரி, ஆடு என்றேன். கல்லூரியில் அவள் ஒரு பந்தை ஒழுங்காக அடித்தால் பக்கத்து கோர்ட்டில் ஆடுகிற பெண்கள்கூடத் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கத்துவார்கள். தண்ணீர் கொடுக்க ஒருத்தி, கணுக்காலுக்குக் கட்டுப்போட ஒருத்தி. இப்போதோ பை தூக்குவதும் அவள், டிக்கெட் எடுப்பதும் அவள், தோற்றுவிட்டு அறைக்கு வந்து சாக்ஸ் துவைப்பதும் அவள்தான். போன இடத்தில் எல்லாம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினாள். "பந்து சத்தம் மட்டும்தான்ப்பா கேக்குது. நல்லா அடிச்சாகூட யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்று போனில் சொன்னாள். பெற்ற மனம் கேட்குமா? லீவு போட்டுவிட்டு அவள் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

அங்கே பார்வையாளர் என்று இருந்தது நானும், தூங்கிக்கொண்டிருந்த காவலாளியும்தான். எதிராளி முழங்காலில் கட்டோடு தனியாக வந்திருந்த ஒரு நெட்டைப் பெண். முதல் செட் நம் பிள்ளைக்கு. நான் கைத்தட்டத் தட்ட அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. அதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். நான் தலைமையாசிரியர் அல்லவா? விளையாட்டு விழாவில் கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் தட்டித் தட்டிப் பழகிய கை இது. பந்து கோட்டுக்குள் விழுந்தால் தட்டிவிடும், யார் அடித்தது என்று கேட்காது. இரண்டாவது செட்டில் நெட்டை ஒரு பந்தை மூலையில் போட்டாள். தட்டிவிட்டேன். அவள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் பேய் பிடித்த மாதிரி ஆடினாள். நல்ல பந்தாக வருகிறதே, நான் என்ன செய்வது?

நம் பிள்ளை தோற்று ஆட்டம் முடிந்ததும் நெட்டை நேராக என்னிடம் வந்து, "ரொம்ப நன்றி அங்கிள். எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் கைத்தட்டினதே இல்ல" என்றாள். பக்கத்தில் பையை மூடிக்கொண்டிருந்த உன் மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க யாரு கட்சி?"

பஸ்ஸில் வழி நெடுக அவள் பேசவில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து உன் அக்காவும் பேசவில்லை. பிள்ளை நேற்று அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். இதிலும் தோற்றால் ஆட்டத்தை விட்டுவிடுவாளாம். எனக்கு அதுவே மேல் என்று படுகிறது. அவள் தனியாகச் சாக்ஸ் துவைப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, கல்லூரி வேலையை ஒப்புக்கொள்ளும்படி சொல். மாமா பேச்சைக் கேட்பாள். எனக்கு இனி இந்த வீட்டில் வாய் கிடையாது.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி, குழந்தைகளுக்கு முத்தம் தரவும். நீ நீடூழி வாழ்க, மட்டை வாங்கித் தந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றுக்காகவும்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வராதே. இப்போதுதான் போன் வந்தது, பிள்ளை ஜெயித்துவிட்டாள். "யாரும்மா கைத்தட்டினாங்க?" என்றேன். நெட்டைதானாம். தன் ஆட்டத்தைக் காலையிலேயே ஜெயித்துவிட்டு வந்து உட்கார்ந்து, கை சிவக்கத் தட்டினாளாம். இருவரும் ஒரே அறையில்தான் தங்கியிருக்கிறார்களாம், சாக்ஸ் துவைப்பது முறை வைத்து. நாளை அவர்கள் இருவருக்கும்தான் ஆட்டம். நான் போகிறேன். உன் அக்காவும் வருகிறாள். ஆட்டம் முடிகிறவரை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்காரப்போகிறாளாம்.