உடல் என்றால் உயிரோடுதான்

கோர்ட் தாழ்வாரத்தில் அந்த அம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைச் சாய்த்தது என்று மொழிபெயர்ப்பாளருக்குப் புரிவதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

அவள் கேட்டது சாதாரணக் கேள்விதான். தன் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்திருக்கிறது, கேட்டால் அப்படி யாருமே இல்லை என்கிறது என்று மனுப் போட வந்திருந்தாள். அவளுக்காக வாதாட வந்த இளம் வக்கீல் வாய்க்கு வாய் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்றார். அப்படியென்றால் என்னவென்று அவள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள். ஆட்கொணர்வு மனு என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் மனிதருக்கு லத்தீன் என்றால் நாக்கில் எச்சில் ஊறும்.

"அது லத்தீன்மா. 'உடலைக் கொண்டுவந்து நிறுத்து'ன்னு அர்த்தம்."

"உடலா?" என்றாள். அவ்வளவுதான், கால் மடங்கிவிட்டது.

கோர்ட்டின் மொழி வேறு, அங்கே வந்து கைகட்டி நிற்பவர்களின் மொழி வேறு. நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் கொண்டுபோவது அவர் உத்தியோகம். அதனால் கோர்ட்டில் எல்லோரும் அவரை 'ரெட்டைநாக்கு' என்பார்கள். முகத்துக்கு நேரே 'சார்'. உள்ளது உள்ளபடி பெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்த ஆள். அந்தச் சத்தியத்தை அதுவரை பெரிதாக மீறியதில்லை. யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அதற்குக் கொஞ்சம் சட்டை மாட்டிவிடுவார், அவ்வளவே.

தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துத் தூக்கி, பெஞ்சில் உட்கார வைத்தார். "உடல்னா உயிரோட இருக்கற உடல்தான்மா. லத்தீன்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஒரு போடு போட்டார். லத்தீனில் அப்படி ஒன்றும் இல்லை.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அதை எழுதச் சொல்லுங்க. உயிரோடன்னு."

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாசகம் பல நூறு வருஷமாக இப்படியேதான் இருக்கிறது, பெரிய பெரிய மேதைகளெல்லாம் இதில் கை வைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தையை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் விரலை மடக்கிக்கொண்டாள். பணம் வாங்காமல் வாதாடுகிறவர், கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அதற்குப் பெயர் ப்ரோ போனோ, பொதுநலத்துக்காக என்று பொருள் என அவளுக்கு விளக்கி வைத்திருந்தார்கள். அவள் காதில் அது 'போனாப் போகுது' என்று விழுந்து, அன்று முதல் அவரைப் போனாப்போகுது வக்கீல் என்றே சொல்லிவந்தாள். போனாப் போகிறது என்று அவரும் 'உயிருடன்' என்ற வார்த்தையைச் சேர்த்தார்.

பிள்ளையின் பெயரைக் கேட்டதற்கு அவள் தாழ்வாரத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னாள். எதிரே கதவின் மேல் பித்தளைத் தகட்டில் இருந்த நீதிபதியின் பெயரும் அதுவே. என்ன பொருத்தம் என்று வக்கீல் பூரித்துப்போனார்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்டபோது நீதிபதி முதலில் தன் பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் 'உயிருடன்' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். இது எதற்கு என்று கேட்டார். போனாப்போகுது வக்கீல் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

அரசு வக்கீல் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உயிருடன் கொண்டுவா என்றால், உயிரில்லாமலும் கொண்டுவருவார்கள் என்று பொருள். இது காவல்துறையின் மேல் வாரி இறைத்த சேறு. சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டரே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று முழங்கினார். சொல்லி முடித்த பிறகுதான், இன்ஸ்பெக்டரைத் தாமே கூண்டுக்கு இழுத்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பு, தூக்கம் கலையாத கண்கள். அந்தப் பெயரில் ஸ்டேஷனில் யாரும் இல்லை என்றார். அந்தப் பெயரில் அவருக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தானாம். சொல்லிக்கொண்டே மேலே மேடையைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. அரசு வக்கீல் எழுந்து, ப்ரைமா ஃபேஸி இந்த மனுவில் சரக்கே இல்லை என்றார்.

அம்மாள் மொழிபெயர்ப்பாளரின் சட்டையை இழுத்து என்ன சொல்கிறார் என்று கேட்டாள். ப்ரைமா ஃபேஸி என்றால் முதல் பார்வையில். முதல் பார்வைக்கு அப்படி ஆள் இருப்பதாகத் தெரியவில்லையாம் என்று இவர் சொன்னார்.

"முதல் தடவை சரியாப் பாக்கலைன்னா இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க சார்."

இதை விழுங்கியிருக்க வேண்டும். விழுங்கவில்லை. கையாலாகாத ஒரு பெண்பிள்ளை போட்ட போட்டில் அவருக்கே ஒரு குஷி பிறந்து, அப்படியே பெயர்த்து மேடைக்கு அனுப்பிவிட்டார். நீதிபதியின் உதட்டோரம் துடித்தது. நல்ல யோசனை என்றார். இன்னொரு தடவை பார்க்கட்டும். அடுத்த விசாரணையில் பையனைக் கொண்டுவராவிட்டால் இன்ஸ்பெக்டர் உள்ளே போக வேண்டியிருக்கும். இப்போது பையனின் அங்க அடையாளங்களைச் சொல்லச் சொல்.

அங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

மச்சம் உண்டா என்று கேட்டதற்கு, வலது கன்னத்தில் இருக்கிறது என்றாள். வலது கன்னமா என்று திருப்பிக் கேட்டதும், இல்லை இல்லை, இடது என்றாள். இப்படி மாற்றிப் பேசினால் மனு குப்பைக்குப் போகும் என்பது கோர்ட்டில் தூசி தட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முகத்தில் ஒரு மச்சம்" என்று பெயர்த்தார். உயரம் கேட்டார்கள். நின்றால் உயரமாகத் தெரிவான், உட்கார்ந்தால் அப்படித் தெரியாது என்றாள். "நடுத்தர உயரம்" என்றார் இவர். நிறம் கேட்டதற்கு, வெளிச்சத்தைப் பொறுத்தது என்றாள். "மாநிறம்." எல்லாம் பதிவாயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். நான் செய்தது போனா ஃபைடி, அதாவது நல்லெண்ணத்தோடு செய்தது என்றார்.

அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "பெத்தவளுக்குப் பிள்ளையோட மச்சம் எந்தக் கன்னத்துலன்னு தெரியாதா?"

பயத்தில் குழறியிருப்பாள், கண்ணும் சரியாகத் தெரியாது போலிருக்கிறது என்று சமாதானம் சொன்னார். உன் உடம்பிலேயே மச்சம் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா என்றும் மடக்கினார். அவள் தலையை நிமிர்த்தாமல் மூன்று இடங்களைச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் லத்தீன் பேசப்படவில்லை.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள், இன்ஸ்பெக்டர் தாழ்வாரத்தில் அவர் தோளில் கை போட்டார். கை ரொம்பக் கனமாக இருந்தது.

"சார், பதிவுல மச்சம்னு இருக்கே. எந்தப் பக்கம்?"

"முகத்துலன்னுதான் இருக்கு" என்றார் மொழிபெயர்ப்பாளர். சரி, பார்த்துக்கொள்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் போய்விட்டார். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று இவருக்கு அப்போது ஓடவில்லை.

மறுநாள் ஓடியது. இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவில் ஓர் இளைஞன் வந்தான். வந்தான் என்பதைவிட, கொண்டுவரப்பட்டான் என்பது சரி; கால்கள் தரையைத் தடவிக்கொண்டு வந்தன. கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள், மடிப்பு ஊசியைக்கூட எடுக்காமல். முகவாயின் நட்டநடுவில் ஒரு மச்சம். எந்தப் பக்கமும் சாயாத, ஜாக்கிரதையான மச்சம். புழுக்கத்தில் அது மெல்லக் கழுத்தை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளையை முடித்துவிட்டார்கள். கோர்ட் உயிரோடு ஓர் உடலைக் கேட்டதே என்று எவனையோ பிடித்து, மையில் புள்ளி வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். 'உயிருடன்' என்று எழுத வைத்தது யார்? மச்சத்துக்கு இடம் விட்டுப் பெயர்த்தது யார்? எல்லாம் இவரே.

இவன்தான் உன் மகனா என்று கேட்கச் சொன்னார் நீதிபதி. கேட்டார். அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். முன்பின் பார்க்காத ஆளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றாள்.

பேசச் சொன்னார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. எந்த வார்த்தை சொன்னால் எத்தனை அடி என்று கணக்குப் போடுகிற முகம். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் மேடைக்குத் தெரியாமல் அவன் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தான்.

"அம்மா!"

கோர்ட் முழுவதும் கேட்டது. நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். என்ன சொன்னான்?

வலித்தால் நம்மவர்கள் போடுகிற சத்தம் அது. கோர்ட்டின் மொழியில் வலிக்கு வேறு சத்தம், தாய்க்கு வேறு வார்த்தை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வலி என்று பெயர்த்தால், யார் இடித்தது என்று கேள்வி வரும். அடையாளமும் தெளிவில்லை என்று இவனைத் திருப்பி அதே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் என்று பெயர்த்தால் பொய்ச் சத்தியம்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் அம்மாளின் முகத்தில் விளக்கேற்றிய மாதிரி ஆயிற்று. "இவன்தான்" என்றாள். "சந்தேகமே இல்ல. இவன்தான்."

"அந்த அம்மாளைத் தாய் என்று அழைக்கிறான்" என்று கோர்ட்டின் மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விடுதலை செய்யும்படி உத்தரவாயிற்று. அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மச்சம் தலைப்புக்கு வந்துவிட்டது. நீதிபதி அடுத்த வழக்கைப் புரட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கவனித்தார், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார், இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போனாப்போகுது வக்கீல் மட்டும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பையனுக்கு எங்கேயோ ஒரு தாய் இருப்பாள். இந்த அம்மாளின் பிள்ளையோ எந்தக் குழியில் கிடக்கிறானோ. மங்கின கண்ணோடு ஒருத்தி யாரையோ அழைத்துக்கொண்டு போகிறாள். நாளை பொழுது விடிந்து, வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கும்போது அவள் மனசு என்ன பாடுபடும்? போனா ஃபைடி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். லத்தீன் உதவவில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டு வெளியே இறங்கி ஓடினார்.

இருவரும் எதிர்ப்புறத்து டீக்கடையில் இருந்தார்கள். விரல்களை மடக்க முடியாமல் அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கிளாஸைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு பன்னைப் பிட்டுப் பிட்டு டீயில் நனைத்து அவன் வாயில் வைத்தாள். மொழிபெயர்ப்பாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கடைக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மா, மனசைத் தேத்திக்கங்க. உங்களை ஏமாத்திட்டாங்க. அது உங்க பையன் இல்ல."

மச்சம் மையில் வைத்தது என்றார். தானும் அதற்கு ஒருவகையில் உடந்தை என்றார். உத்தியோகம் போனாலும் பரவாயில்லை, நீதிபதியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், மறுபடியும் மனுப் போடலாம், உங்கள் சொந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டே தீரலாம் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மாள் கலங்கவில்லை. பையன் காதில் விழுமோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பிள்ளைகுட்டியே கிடையாது சார், ஸ்டேஷன் சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் எங்க வீடு, ராத்திரியெல்லாம் இவன் 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், எத்தனை நாளைக்குத்தான் காதுல விழாத மாதிரி படுத்துக்கறது?"