மூன்று ரோஜாவுக்குக் காதல் வராது

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே காதலர்களை அதிகம் காக்க வைத்தவர் எங்கள் ஆபீஸ் டூயட்டுதான். உரக்கடை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மொபைல் கேம் செய்துகொண்டிருந்தோம். நான் படம் வரைவேன், அவர் வசனம் எழுதுவார். ஜோடியை லேசில் டூயட் பாட விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

கதை இதுதான்: மலைமேல் இருக்கும் கரியாலூரில் டீக்கடை வைத்திருக்கும் நாயகன், அங்கே மாற்றலாகி வரும் நர்ஸின் மனசைப் பிடிக்க வேண்டும். மூன்று ரோஜா கொடுத்தால் திரையில் இருக்கும் ஹார்ட் நிறைய வேண்டும், உடனே கல்யாணம் என்றார் முதலாளி.

“இன்னா சார், மூணு சோப்பு வாங்குனா டப்பா ஃப்ரீன்ற மாதிரி இருக்குது! அந்தப் பொண்ணு இன்னும் அவன் கடையில ஒரு டீ கூட குடிக்கல சார்” என்றார் டூயட்டு.

அவர் எழுதியதில், மழைக்காலம் முழுக்க இருவரும் மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பற்றியே பேசினார்கள்.

வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. எலவனாசூர்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில், நெரிசலுக்கு நடுவே, “நீ இல்லாம எங்கிட்ட இன்னா இருக்குது?” என்று ஒருநாள் உருகியிருக்கிறார்.

“டிக்கெட்டு இருக்குதா? அத்த சொல்லு மொதல்ல” என்றாராம் கண்டக்டர்.

அப்படிப்பட்டவர் திருக்கோவிலூருக்குப் பெண் பார்க்கப் போனார். திங்கட்கிழமை ஆபீஸே அவரைச் சூழ்ந்துகொண்டது.

“இன்னாச்சுங்க?”

“தனியா பேச வுட்டாங்க. என்னைப் புடிக்கலன்னா தாராளமா சொல்லுங்கன்னேன்.”

“சொன்னாங்களா?”

“சொன்னாங்க. ‘அப்ப வேணாங்க’ன்னு.”

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்தான் சிரித்தார். “ரெண்டே வார்த்தை. நானா இருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன்.”

பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. புதிய காட்சியில் நர்ஸ், வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். முதலாளி பதறிப்போனார்.

“வேணான்னுட்டா ஆட்டம் முடிஞ்சிருச்சாய்யா?”

“எப்பிடி சார் முடியும்? மறுநாள் கடையைத் தொறக்கணும்ல? அவங்களும் டீ குடிக்க வருவாங்க. மூஞ்சியப் பாத்து நல்லபடியா பேசணும். அதான் சார் கஷ்டமான லெவலு.”

முதலாளி அந்தக் காட்சியை ஆடிப் பார்த்தார். மறுபடியும் ஆடினார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த ரோஜாவையெல்லாம் எடுத்துடும்மா” என்றார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை டூயட்டுடன் ஏதேதோ பேசிக்கொண்டே நடந்தேன். என் வீடு எதிர்த்திசையில் இருக்கிறது.