சூப்பர்வைசர் நின்ற இடம்

"தாடியை எடுக்கக் கூடாதுன்னு போட்டோகிராபர் சொல்லிட்டாரு அத்தான்" என்றான் மைத்துனன்.

ஆண்கள் துணிக்கடையின் சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அவனை பார்சல் பிரிவில் சேர்த்துவிட்ட நாளிலிருந்து, அந்தத் தாடியை எடுக்கச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருப்பவர் அவர்.

இப்போது கடை முகப்பில் ஒரு பெரிய படம் வரப்போகிறது. விளம்பர அழகர்கள் வேண்டாம், இங்கே வேலை பார்க்கிற ஆண்களில் ஒருவரை எடுங்கள் என்று முதலாளி ஒரு பேஷன் போட்டோகிராபரை அழைத்து வந்திருந்தார். இத்தனை பேரில் அந்த மனிதர் பொறுக்கி எடுத்தது இவனை.

"உன்னையா?"

"நானும் அதத்தான் கேட்டேன். என் மூஞ்சில ஒரு சோகம் இருக்காம்."

"சோகமாம் சோகம். அது தூக்கம்டா!"

சூப்பர்வைசரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டிருந்தாள், யார் படம் வரும் என்று. "வேற யாரு? இத்தனை வருஷமா அந்தக் கடையத் தாங்குறவன் எவனோ அவன்தான்" என்று வாயை விட்டுவிட்டார். தட்டைக் கழுவி வைப்பதற்குள் அவள் மகளின் மாமனார் வீட்டுக்குப் போனைப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை படத் திறப்புக்குச் சம்பந்தி இருவரும் வருகிறார்கள்.

அவர் போட்டோகிராபரிடம் போனார். ஒல்லியான மனிதர். நாம் ஒன்று சொன்னால் அது கிணற்றில் விழுந்த கல் மாதிரி நெடுநேரம் போய்க்கொண்டே இருக்கும். பிறகுதான் பதில் வரும்.

"விளக்கெல்லாம் எங்க சார்?"

மௌனம்.

"விளக்குப் போட்டா மனுஷன் மறைஞ்சிடுவான் சார். எனக்கு ஜன்னல் போதும்."

"அப்ப நாங்க கரண்ட் பில் கட்டுறது எதுக்கு?"

"அத்தான் பக்கத்துல நின்னா எதுக்கு சார் லைட்டு?" என்றான் மைத்துனன், கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற அவருடைய வெள்ளைச் சட்டையைக் காட்டி. போட்டோகிராபர் சிரிக்கக்கூட இல்லை.

சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆள் கண்ணில் படாவிட்டால் எண்ணம் மாறும் என்று தோன்றியது. "போடா, மாடிக் கிடங்குல விக்காத சட்டையெல்லாம் கெடக்கு. மடிச்சு அடுக்கு" என்று மைத்துனனை விரட்டினார்.

அரை மணி கழித்து மாடிக்குப் போனால், போட்டோகிராபர் அங்கே உட்கார்ந்திருந்தார். கிடங்கின் பெரிய ஜன்னல் வழியாக வெயில் தூசியில் இறங்கி, துணி மூட்டை மேல் சாய்ந்திருந்த மைத்துனன் மீது விழுந்துகொண்டிருந்தது.

"இப்படி ஒரு ஜன்னல வெச்சிக்கிட்டு இதுவரைக்கும் சொல்லவே இல்லயே சார்" என்றார் போட்டோகிராபர், மனத்தாங்கலோடு.

சட்டையிலாவது மடக்கலாம் என்று பார்த்தார் சூப்பர்வைசர். துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில், யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு சட்டையை உருவி எடுத்து மைத்துனனிடம் கொடுத்தார். அவன் போட்டுக்கொண்டான். போட்டோகிராபர் ஒரு படம் எடுத்து, கேமராவில் முதலாளிக்குக் காட்டினார். முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சட்டை நம்ம கடையிலதான் இருந்துச்சா? இதப் போய் ஏன்யா மூட்டையில கட்டி வெச்சிருக்கே? உனக்குக் கண்ணு இருக்கா?"

சூப்பர்வைசருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கண் இருப்பதால்தானே மூட்டையில் கட்டினார்!

சாப்பாட்டு இடைவேளையில், கிடங்கில் மைத்துனன் உட்காரப் போட்டிருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்புறமாகச் சாத்தியிருந்த ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகை அவர் கண்ணில் பட்டது. போட்டோகிராபர் கொண்டுவந்தது; ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு நாற்காலி மேல் திரும்பி விழுந்துகொண்டிருந்தது. ஏதோ முக்கியமான சாமான் போலத்தான் இருந்தது. கடையில் பல்பு மாற்றும் ஏணிக்காரரைக் கூப்பிட்டார்.

"நடக்குற வழியில என்ன குப்பை இது? ஒடைச்சு வெளிய போடுய்யா."

"சார், அது அவரோடது…"

"ஒடைன்னா ஒடை!"

திரும்பி வந்த போட்டோகிராபர், பலகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. பிறகு அந்த மனிதர் மெல்லத் திரும்பினார். அவர் பார்வை சூப்பர்வைசர் மேல் நின்றது. முகம் மலர்ந்தது.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க."

"நானா?"

"நீங்கதான். இங்க நில்லுங்க. இன்னும் ஒரு எட்டு முன்னாடி. நெஞ்ச நிமித்துங்க… அப்படியே!"

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். கடைசியில் கண் திறந்துவிட்டதே!

"கேமராவப் பாக்கவா?"

"வேண்டாம் சார். உங்க மச்சானப் பாருங்க."

"அதுசரி, இயற்கையா இருக்கணும். நான் நிக்கிறது படத்துல தெரியுமில்ல?"

மௌனம்.

"நல்லாவே தெரியும் சார்."

வெயில் சரிகிறவரை நின்றார். முதுகு கடுத்தது; மூக்கு அரித்தது. அசையவில்லை. மைத்துனன் கொட்டாவியை அடக்கியபடி எதிரே உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் போட்டோகிராபர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா இந்தப் படமே இல்ல சார்."

அதை அப்படியே மனைவியிடம் போனில் ஒப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நடைபாதையில் மனைவி, சம்பந்தி, சம்பந்தியம்மா. ஏணிக்காரர் உச்சியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். சுருட்டியிருந்த துணி மேலிருந்து கீழே சரசரவென்று விரிந்தது.

தாடி. துருநிறச் சட்டை. தூங்கும் கண்கள். அப்புறம், நிஜமாகவே, ஒரு சோகம்.

"இது… நீங்க இல்லயே சம்பந்தி?" என்றார் சம்பந்தி.

"ஐயோ, என் தம்பி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள் மனைவி. "ராஜா மாதிரி இருக்கான்!"

சூப்பர்வைசருக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது.

"யோவ்! ஓரத்த உள்ள மடிச்சு வெச்சிருக்கே பாரு. நல்லாப் பிரி!"

"மடிப்பே இல்ல சார். படமே இவ்ளோதான்."

"என்ன இவ்ளோதான்? ஒரு பொழுது பூரா கால் கடுக்க நின்னிருக்கேன்! நான் இல்லன்னா படமே இல்லன்னு அந்த ஆளு என் கையப் புடிச்சுச் சொன்னான்! எங்கய்யா நான்? ஏமாத்திட்டான்! இறக்கு அத, கிழிச்சுப் போடறேன்!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஏணிக்காரர் துணியை இறக்கக் கை நீட்டினார், அப்படியே நின்றுவிட்டார். பிறகு படத்தில் இருந்த மைத்துனனின் தட்டு அகலக் கண்ணருகே மூக்கை வைத்து உற்றுப் பார்த்தார்.

"சார், இருக்கீங்க சார்! இங்க, கண்ணுமணிக்குள்ள, வெள்ளைச் சட்டையோட நெஞ்ச நிமித்திக்கிட்டு… நீங்க ஒடைக்கச் சொன்னீங்களே பலகை, அது இருந்த எடத்துலயே நிக்கிறீங்க!"