விமானம் ஏறின பொம்பளை

திருவெறும்பூர் வீட்டில் அன்னைக்கு இருந்தவர்கள்: சரோஜா அம்மா, வயது எண்பத்து மூணு. அவங்க மருமகள். ரன்வே மேடம், அது ஆட்டோ ஸ்டாண்டில் நாங்க வச்ச பேர். ஆட்டோ ஓட்டிப் போன நான்.

ரன்வே மேடம் மாதிரி இன்னொரு ஆள் திருச்சி ஜில்லாவில் கிடையாது. டெலிபோன் ஆபீசில் ரிட்டயர் ஆனவங்க. வீடு ஸ்ரீரங்கம். மேலே பிளேன் சத்தம் கேட்டால் ஆட்டோவை நிறுத்தணும். காவிரிப் பாலம் நடுவிலும்தான். பின்னால் பஸ்காரன் கத்துவான். "சத்தம் போடாதய்யா, லேண்டிங் ஆகுது"ன்னு அவனையே அதட்டுவாங்க.

அவங்களுக்கு ஒரே வேலை. அந்தக் காலத்தில் திருச்சியில் பிளேன் ஓட்டின பொம்பளையைக் கண்டுபிடிக்கணும். நாலு வருஷம் தேடினாங்க.

ஒருநாள் பூக்காரம்மாகிட்ட, "இந்தப் பக்கம் முதல்ல விமானம் ஏறின பொம்பளை யாரு, தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"தெரியுமே! எங்க பெரியம்மாதான்."

ஓடினோம். மேடம் நோட்டைத் திறந்தாங்க.

"எவ்வளவு உயரம் போனீங்க?"

"கலசம் வரைக்கும்ங்க."

"பயமா இல்லையா?"

"எதுக்கு? சாரம் கெட்டியாத்தான் கட்டியிருந்தாங்க."

கும்பாபிஷேகத்தப்போ கோயில் விமானத்துக்குச் சுண்ணாம்பு சுமந்த சித்தாள். நான் சிரிச்சேன். மேடம் சிரிக்கலை. பேர், ஊர் எல்லாம் எழுதிக்கிட்டாங்க. "உயரம் ஏறினவதானேப்பா."

அப்புறம் அந்தக் காலத்தில் பிளேன் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கிளப்பில் வேலை பார்த்த ஒருத்தர் சரோஜா அம்மா பேரைச் சொன்னார். "இவங்களும் இல்லேன்னா நோட்டு அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குத்தான்"ன்னு வழியெல்லாம் மேடம் புலம்பல்.

மருமகள் வாசல்லயே சொல்லிட்டாங்க. "அத்தை ஆசைக்குச் சொல்றதுங்க. பிளேன்ல பின்னாடி உக்காந்து போயிருப்பாங்க."

உள்ளேயிருந்து சரோஜா அம்மா குரல். "பின்னாடி உக்காந்தது வாத்தியாரு. அப்புறம் அவரும் இறங்கிட்டாரு."

எழுந்து போய் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டு எடுத்து வந்தாங்க. பறந்த நேரமெல்லாம் எழுதி, கிளப் சீல் குத்தினது.

மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாங்க. "தனியா ஓட்டினதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும்ப்பா. கூட்டி எழுதியிருப்பாங்க. எனக்குக் கண்ணு தெரியலை, நீ படி."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. கண்ணுத் தண்ணிதான் மறைச்சது. சரோஜா அம்மாவே அந்தக் கட்டத்தை விரலால் காட்டினாங்க.

எனக்கு இங்கிலீஷ் வராது. எண் வரும். மருமகளும் எட்டிப் பார்த்தாங்க. நல்லவேளை, கட்டம் காலியா இல்லை. சத்தமாவே படிச்சேன்.

பதினோரு மணி நேரம், நாற்பது நிமிஷம்.