சாவி பாயின் கேள்வி

கூடலூரிலிருந்து வைகை அணை வரைக்கும் பெட்ரோல் கார் வைத்திருந்த ஒருவர்கூட சாவி பாயிடம் சாவியைப் பறிகொடுக்காமல் தப்பியதில்லை. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டோரம் அவருடைய தகரக் கொட்டகை. எந்த நேரத்தில் எந்த பிளக்குக்கு நெருப்பு போகவேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவதில் பாய் புலி. கழற்றுமுன், அதற்குள் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கோடு கிழிப்பார். வயர்களுக்கு நம்பர் போடுவார். கழற்றிய ஓட்டைக்குள் ஒரு வாஷர் விழுந்தாலும் வினை என்று துணியை அடைப்பார். அதோடு விட்டாரா? கார் சாவியை வாங்கி இடுப்பிலிருக்கும் பச்சை பெல்ட்டில் செருகிக்கொள்வார். காரின் முன்னால் மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைத் தன் முக்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்.

"இது வெளிய கெடக்கும்போது எஞ்சின் சுத்துச்சுன்னா கணக்குப் போச்சு தம்பி. நேரந் தப்பி நெருப்பு விழுந்தா பிஸ்டனே பொத்தலாயிரும்."

அப்படியும் ஒரு ஏலக்காய் வியாபாரி, உட்கார்ந்த இடத்தில் கார் ரேடியோவில் பாட்டுக் கேட்கலாமே என்று, சட்டைப் பையிலிருந்த டூப்ளிகேட் சாவியைப் போட்டுத் திருகினார். கொஞ்சம் கூடத் திருகிவிட்டார். ஸ்டார்ட்டர் உறுமி எஞ்சினைச் சுற்றிவிட்டது. பாய் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைப் புரோட்டா மாஸ்டர் வீசிய மாவைப் பிடிக்க மறந்துவிட்டார்.

"அட பாவி மனுசா! ரோட்டரு எங்கன பாத்துச்சுன்னு இப்ப ஆருகிட்டப் போய்க் கேப்பேன்?"

தண்டனையாக ஹேண்டிலை வியாபாரி கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொன்னார். முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, காற்று முட்டுகிற இடத்தைத் தேடினார். அது கிடைப்பதற்குள் வியாபாரியின் வெள்ளை வேட்டி கறுப்பாகிவிட்டது. அன்று முதல் பாய் பேட்டரி வயரையும் பிடுங்கி வைத்தார்.

வேலையில் கை வைக்குமுன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்.

"வீட்ல ஆரு இருக்காக?"

பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றால் அரை மணியில் வண்டி தயார். ஒருவரும் இல்லை என்றால் போச்சு, சாயங்காலம்தான். மாட்டியதை மறுபடி கழற்றித் துடைப்பார். நடுவே ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு வைப்பார். இரண்டு தட்டு போடுவார். சாவி அவர் இடுப்பில். எங்கே போவது?

நான் அப்போது ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு லாட்ஜ் அறையில் இருந்த பேங்க் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது. இருந்தாலும் கோபம் வந்தது.

"எனக்கு மட்டும் ஏன் பாய் இவ்வளவு நேரம்?"

"அவசரப்பட்டு மாட்டுனா எஞ்சினு போயிரும் தம்பி. கொழம்பு கொதிக்குது, இருங்க."

அவர் மனைவி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. கிளம்பும்போது சாவியைத் துடைத்துத் துடைத்துத்தான் தருவார். கொட்டகை வாசலில் அவர் தனியாக நிற்பது கண்ணாடியில் தெரியும்.

எனக்குக் கல்யாணமானது. முதன்முறை மனைவியோடு போனபோது பாய் முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, வா ஆத்தா!"

அரை மணியில் வேலையை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை.

"கெளம்புங்க தம்பி. இனி ஒங்களுக்கு ஆளு இருக்குல்ல."

வண்டி அருமையாக ஓடியது. எனக்குத்தான் என்னமோ போலிருந்தது.

அடுத்த மாதம் தனியாகப் போனேன். வண்டி இழுக்கவில்லை என்றேன்.

"வீட்ல ஆரு இருக்காக?"

"ஒருத்தரும் இல்ல பாய். அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

பின் சீட்டில், அன்று காலையில் என்னோடு கோயிலுக்குப் போய்வந்தபோது அவள் விட்டுப்போன மல்லிகைச் சரம் வாடாமல் கிடந்தது. பாய் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

அன்று கிளம்ப இருட்டிவிட்டது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.