சம்மாட்டியாரின் மஞ்சள் விளக்கு

மன்னார்த் தீவில் கழுதைகளுக்கு அடுத்தபடியாக நான் நெடுநாள் கிட்ட இருந்து கவனித்த உயிரினம் ஒன்று உண்டு. விலை உயர்ந்த ஜீப் ஒன்றை வாங்கி, அதில் ஏறி ஓர் ஊருக்கும் போகாமல், அந்த ஜீப்பின் குறைகளைச் சொல்லியே காலம் தள்ளுகிற மனிதர். சைக்கிள்காரனுக்குச் சைக்கிள் ஓடினால் சந்தோசம். பஸ்ஸில் போகிறவனுக்கு இருக்க இடம் கிடைத்தால் சந்தோசம். இவருக்கு? ஜீப்பில் ஒரு கோளாறு இருக்க வேண்டும். அதை ஒருவராலும் திருத்த முடியாமல் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பான கொம்பனி கொழும்பில் இருக்க வேண்டும். இவ்வளவும் வாய்த்துவிட்டால் மனிதர் சோறு தண்ணி கேட்கமாட்டார்.

எங்கள் கீரிக் கிராமத்தில் அப்படி ஒருவர் வாய்த்தார். பெயர் செபமாலை. நாலு வள்ளமும் ஒரு கருவாட்டு வாடியும் வைத்திருந்தபடியால் ஊர் அவரைச் சம்மாட்டியார் என்றது. நான் அவருக்குப் பக்கத்து வளவு. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து இங்கிலீசில் கடிதம் எழுதிப் பழகியவன் என்பதால், அவருடைய ஜீப் வாழ்க்கையில் எனக்கும் ஒரு பங்கு விழுந்தது. கொம்பனிக்குப் போன பதினெட்டுக் கடிதமும் நான் எழுதியவை. ஆகவே இங்கே சொல்வதையெல்லாம் ஆதாரத்தோடுதான் சொல்கிறேன்.

சண்டை நின்றது, சமாதானம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த 2003ஆம் ஆண்டில் அந்த ஜீப் கீரிக்கு வந்தது. வெள்ளை நிறம். என்ன மொடல் என்று கேட்காதீர்கள், கொம்பனிக்காரன் என்மேல் வழக்குப் போடுவான். சம்மாட்டியாரின் மனைவி திரேசம்மா அதற்கு மாலை போட்டார், சுவாமியார் தீர்த்தம் தெளித்தார், சனம் வாய் பார்த்தது, மூன்றாம் மாதம் டாஷ்போட்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சம்மாட்டியார் உண்மையில் ஜீப் வாங்கியது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன்.

உடனே கொழும்புக்குப் பயணம். கொம்பனியில் கண்ணாடி மண்டபம், குளிர், கோப்பி, கழுத்துப்பட்டி கட்டிய பொடியன் ஒருவன். அவன் சம்மாட்டியார் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினான். இரண்டு நாள் ஜீப்பை வைத்திருந்து, கழுவி, துடைத்து, உள்ளே வாசனை அடித்து, விளக்கு எரிந்தபடியே திருப்பிக் கொடுத்தான். "சென்சர் மாத்த வேணும் சேர், ஜப்பானில இருந்து வரும்" என்றான். வந்தது, எட்டு மாதம் கழித்து, வேறொரு மொடலுக்கு உரியது. அடுத்த பயணத்தில் அந்தப் பொடியன் வேலையை விட்டுப் போயிருந்தான், கொப்பியும் அவனோடு போயிருந்தது, புதுப் பொடியன் புதுக் கொப்பியில் முதலிலிருந்து எழுதினான். டெலிபோன் எடுத்தால் பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டைச் சம்மாட்டியார் முழுக்கப் பாடமாக்கி, வாடியில் கருவாடு காய்கிற இடமெல்லாம் முணுமுணுத்துத் திரிந்தார். "இந்த மனிசனுக்கு என்ன கோதாரியோ" என்று திரேசம்மா தலையில் கை வைத்தார்.

ஊருக்குள் அவர் நடத்திய தினசரிச் சடங்கைச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு ஜீப் வெளிக்கிடும். சீற்றுகளின் பொலித்தீன் உறை கழற்றப்படவே இல்லை. வெயிலில் ஏறி இருந்தால் இறங்கும்போது முதுகுத் தோல் அதோடு வரும். ஏசி போடமாட்டார், போட்டால் விளக்குக் கூடுதலாக எரிகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கீரியிலிருந்து மன்னார் பட்டினம் இரண்டு மைல். நடந்து போனால் முக்கால் மணித்தியாலம். ஜீப்பில் போனால் ஒன்றேகால். வழியில் கண்ட அத்தனை பேருக்கும் நிறுத்தி விளக்கைக் காட்ட வேண்டாமா? பிறகு பஸ் நிலையத்தடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நிழலுக்கு வந்த கழுதை தலையை உள்ளே நீட்டினால் அதையும் கலைக்கமாட்டார். அதுவும் பார்க்கட்டுமே!

"யேசுதாசன், இஞ்சை வா. இதைப் பார்."

சைக்கிளில் மீன்பெட்டி கட்டி விற்கிற யேசுதாசன் எட்டிப் பார்ப்பான். காலில் செருப்பும் இல்லை.

"ஓம் சம்மாட்டியார், எரியுது."

"எரியுதல்லோ! மூண்டு வரியமாய் எரியுது. நீ ஒருநாளும் இந்த மொடலை வாங்கிப்போடாதை."

"இல்லைச் சம்மாட்டியார், வாங்கமாட்டன்."

"சத்தியமாய்?"

"அந்தோனியாராணை வாங்கமாட்டன்."

இப்படி எத்தனை ஏழைகளை அவர் காப்பாற்றியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்! அப்படியானால் அந்தச் சனியனை விற்றுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள். "இதுபோல வாகனம் இந்த இலங்கையிலயே இல்லை, தெரியுமே?" என்று பாய்ந்து விழுவார். ஜீப்பைத் திட்டும் உரிமையை அவர் ஒருவருக்கும் பங்கு வைத்ததில்லை.

கடற்கரையில் அந்தோனிமுத்து என்று ஒருவன் இருந்தான். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். உப்புக் காற்றில் எது துருப்பிடிக்கும், எது பச்சை பூக்கும், எதைத் தட்டினால் எது எழும்பும் என்பதெல்லாம் அவனுக்குக் கைவந்த சங்கதி. ஒருநாள் அவனாகவே வந்து, "பொனற்றைத் திறவுங்கோ சம்மாட்டியார், அஞ்சு நிமிசம்" என்றான். சம்மாட்டியார் ஜீப்புக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தொட்டியெண்டால் வொறன்ரி போயிடும்! கொம்பனி ஆள்தான் தொட வேணும்!"

வொறன்ரி முடிந்து அப்போது ஒரு வருடம். எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கெஞ்சி எழுதியது பன்னிரண்டாவது கடிதம்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. டீசலுக்கு வரிசை, கடலுக்குப் பாஸ், பொழுதுபட்டால் படலை திறக்கப் பயம். மன்னார் வாகனம் எதுவும் கொழும்பு றோட்டில் மதவாச்சி தாண்டிப் போகக் கூடாது என்று ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள்; ஆட்கள் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏற வேண்டும். நாங்கள் எல்லோரும் அழுதோம். சம்மாட்டியாரும் அழுதார், ஜீப்பின் சேர்விசை நினைத்து. வாகனம் வர முடியாது, ஆளை அனுப்புங்கள் என்று கொம்பனிக்கு எழுதினோம். ஆள் வர முடியாது, வாகனத்தைக் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. திரும்ப எழுதினோம். அதே பதில் திரும்ப வந்தது, திகதி மட்டும் வேறு.

ஒருமுறை எதற்கும் பார்ப்போம் என்று மதவாச்சி வரைக்கும் ஜீப்பைக் கொண்டுபோனார். புத்தி கெட்டு நானும் கூடப் போனேன். ஆமிக்காரர் சீற்றைக் கழற்றி, உதிரி ரயரை இறக்கி, தடியில் பூட்டிய கண்ணாடியால் அடிப்பக்கம் முழுவதையும் பார்த்து, பொனற்றைத் திறந்து ஒவ்வொரு குழாயாகத் தட்டினார்கள். மூன்று மணித்தியாலம்! கொம்பனி மூன்று வருடத்தில் பார்க்காத இடமெல்லாம் பார்த்தார்கள், கோப்பி தராததுதான் குறை. மஞ்சள் விளக்கைக் கண்டதும் ஒருவன் துவக்கைத் தூக்கினான். ஊரில் கராஜில் வேலை செய்தவனாம் இன்னொருவன், குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "வயர் எக லூஸ், மாத்தயா" என்றான். வயர் இளகிக் கிடக்கிறது என்று அர்த்தம். சம்மாட்டியாருக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி, கருவாட்டு வியாபாரம் முழுவதும் அந்தப் பாசையில்தான். ஆனால் அன்றைக்கு மட்டும் விளங்கவில்லை.

"இவன் என்ன கொம்பனி ஆளே?" என்று மன்னார் வந்து சேரும்வரை என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். 2007 மாசியில் அவருடைய மகள் பிரான்சிஸ்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பேசாலை, வேலை கட்டாரில், புதன்கிழமை பிளேன், பாஸும் எடுத்தாயிற்று. அதே புதன்தான் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மன்னார்ப் பட்டினத்துப் பெரிய கோயிலில் பூசை. போதாக்குறைக்கு, அன்று பத்து மணிக்கு ஆமி வாகனக் கொன்வே வருகிறது, றோட்டை மூடிப்போடுவோம் என்று சென்றிக் காவலில் சொல்லிவிட்டார்கள். மூடினால் எப்போது திறப்பார்கள் என்பது மூடுகிறவனுக்கே தெரியாது. திங்கள் தவறினால் மாப்பிள்ளை கட்டாரில், பெண் கீரியில், அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. இவ்வளவும் தெரிந்துகொண்டும் சம்மாட்டியார், "என்ரை மகள் ஜீப்பிலதான் போவாள்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அப்பா வழி வழிய நிப்பாட்டி விளக்குக் காட்டுவார், நான் உயிர்த்த ஞாயிறுக்குத்தான் போய்ச் சேருவன்" என்று பிரான்சிஸ்கா அழுதது எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. திரேசம்மா யோசித்தார். விளக்கு இருந்தால்தானே காட்டுவார்? ஞாயிற்றுக்கிழமை, கலியாணத்துக்கு ஜீப்பைக் கழுவி வைத்துவிட்டுச் சம்மாட்டியார் நடந்து பூசைக்குப் போன நேரம் பார்த்து, பின்படலையால் அந்தோனிமுத்துவைக் கூப்பிட்டார். அவன் பொனற்றைத் திறந்து, பச்சை பூத்துக் கிடந்த ஒரு வயர் முனையைத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, இறுக்கிச் செருகி, சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றினான். பத்து நிமிசம். மூன்றரை வருடம் எரிந்த விளக்கு நூர்ந்துவிட்டது. நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கள் காலை எட்டரை. பின் சீற்றில், பொலித்தீனுக்கு மேலே, வெள்ளைச் சேலையும் தலையில் நெற்று முக்காடுமாக மணப்பெண். பக்கத்தில் திரேசம்மா. முன்னால் நான், சாட்சிக் கையெழுத்து வைக்க. கோட்டுப் போட்டிருந்த சம்மாட்டியார் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் எடுத்தது. குனிந்து பார்த்தார். நிறுத்தினார். திரும்பத் திருப்பினார். திரும்ப நிறுத்தினார்.

"எரியேல்லை."

"என்னது எரியேல்லை?" என்றார் திரேசம்மா, ஒன்றும் அறியாதவர்போல.

"விளக்கு எரியேல்லை. ஏதோ பெரிய பிழை வந்திட்டுது. இனி இதை எடுக்கேலாது."

"இஞ்சேருங்கோ, எரியாட்டில் நல்லதல்லோ?"

"உமக்கென்ன தெரியும்? மூண்டரை வரியம் எரிஞ்சது சும்மா நூருமே? கொம்பனியைக் கேக்காமல் ஒரு அடி எடுக்கமாட்டன்."

இறங்கி நின்று கொழும்புக்குப் போன் அடித்தார். பாட்டுப் போட்டார்கள். எட்டு ஐம்பது. திரேசம்மா பொறுக்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டார், அதோடு காரியம் முற்றாகக் கெட்டது. "வெளியாள் தொட்டவனோ! ஐயோ, என்ரை வொறன்ரி!" என்று கோட்டோடு முற்றத்து மணலில் குந்திவிட்டார். ஒன்பது. ஒருவன் உழவு ரைக்ரர் பிடிக்க ஓடினான். இன்னொருவன் ரைக்ரருக்கு டீசல் இல்லை என்று ஓடி வந்தான். ஒன்பது பத்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பிள்ளையைத் தொட்டிலில் கண்டவன் நான்.

பிரான்சிஸ்கா கண்ணாடியை இறக்கினாள். அழுகையெல்லாம் போயிருந்தது.

"அந்தோனிமுத்து அண்ணை!"

கலியாணச் சட்டையோடு படலையடியில் பயந்து நின்ற அந்தோனிமுத்து கிட்ட வந்தான்.

"அந்த விளக்கைத் திருப்பி எரிய விடுங்கோ."

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"பழையபடி பழுதாக்குங்கோ எண்டுறன். கெதியா!"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பொனற் திறந்தது, ரியூப் துண்டு பறந்தது, வயர் இழுபட்டது. திரேசம்மா கணவனைக் கையில் பிடித்து எழுப்பி, மணலைத் தட்டி, ஏற்றிவிட்டார். மனிதர் திறப்பைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, மஞ்சளாக, பழையபடியே. சம்மாட்டியாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மகளின் கலியாணத்தன்று ஒரு தகப்பனின் முகத்தில் இருக்க வேண்டிய மலர்ச்சி அப்போதுதான் வந்தது.

"பாத்தியளே? நான் சொன்னனானல்லோ, இவங்களாலை திருத்தேலாது எண்டு!"

"அப்பா," என்றாள் பிரான்சிஸ்கா பின்னாலிருந்து, மிக மெதுவாக. "வழியில எங்கையும் நிப்பாட்டினியளெண்டால், நானே இறங்கி அந்த வயரை இறுக்கிப்போடுவன்."

அந்த ஜீப் தன் ஆயுளில் முதல் தடவையாக அன்றைக்கு ஓடியது. பொலித்தீன் சரசரக்க, கழுதைகள் நாலு பக்கமும் தெறிக்க, கை காட்டிய யேசுதாசனையும் தாண்டிப் போனோம். ஒன்பது முப்பத்தைந்துக்குக் கோயில். சுவாமியார் பிரசங்கத்தைப் பாதியாக்கினார். வெளியே கொன்வே இரைந்துகொண்டு போன சத்தத்துக்குள் பிரான்சிஸ்கா "ஓம்" என்றாள், சுவாமியார் கேட்காமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், அவள் முழுக் கோயிலுக்கும் கேட்கச் சொன்னாள்.

றோட்டுத் திறக்க இரண்டரை மணியானது. அதுவரை பேசாலைச் சனம் கோயில் மண்டபத்தை விட்டு அசைய முடியாது. சம்மாட்டியார் விடுவாரா? ஒவ்வொரு கதிரையாகப் போய்க் கதை சொன்னார். "நேற்றும் ஒருத்தன் களவாய்த் தொட்டுப் பாத்தவன். அசையேல்லையே!"

செவ்வாய்க்கிழமை விடியப் பதினெட்டாவது கடிதத்துக்கு வந்துவிட்டார், வழமைபோல ஒரு பார்சல் பாரைக் கருவாட்டோடு. எழுதிக் கொடுத்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த விளக்கு நூர்ந்தபோது வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. இனிக் கடிதம் இல்லை, கருவாடு இல்லை, விளக்கு எப்படி என்று கேட்டு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கவும் வழியில்லை. வயர் இழுபட்டபோது சம்மாட்டியாருக்கு அடுத்ததாகச் சந்தோசப்பட்டவன் நான்தான்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஜீப் இல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு மாரியும் ஒழுகுகிற அந்தக் குசினிக் கூரை? வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுகிற அந்த முழங்கால்? கந்தோரில் ஒன்பது வருடமாகத் தேங்கிக் கிடக்கிற உங்கள் பைல்? அதை இன்றைக்குப் பின்னேரமே சரிபண்ணித் தருகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் உங்கள் வாயில் என்ன வரும்? "ஐயோ, அது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசான விசயமில்லை" என்றுதானே?

அந்தோனிமுத்து இப்போதும் கீரிக் கடற்கரையில்தான் இருக்கிறான். பத்து நிமிசமும் ஒரு தேசிக்காயும் போதும். விலாசம் தரட்டுமா?

வேண்டாமா?

நினைத்தேன்.